கள்ளன் பெரிசா, காப்பான் பெரிசா?

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்து எங்களைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களே, அரங்கத்தில் கூடியிருக்கும் தாய்மார்களே, வீட்டில் கதவைத் தாழ் போட்டுவிட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பர்களே!

தாழ் போட்டிருக்கீங்கதானே? ஒருதரம் எழுந்து போய்ப் பார்த்துட்டு வந்திடுங்க. நான் பேசப்போறதே அதைப் பத்தித்தான். (சிரிப்பு)

குற்றங்களுக்குப் பெரிதும் காரணம் மனமா, வாய்ப்பா? எனக்கு முன்னால் பேசிய அம்மா, 1961-இல் வந்த 'திருடாதே' படத்திலிருந்து பட்டுக்கோட்டையார் பாட்டை ராகத்தோடு பாடினாங்க. நல்ல பாட்டு. நானும் கைதட்டினேன். ஆனா ஒண்ணு கவனிச்சேன். அவங்க பேச எழுந்து வந்தபோது கைப்பையை நாற்காலியில வச்சுட்டு வரலை. மைக்குக்குப் பக்கத்துலயே கொண்டுவந்து வச்சுக்கிட்டுத்தான் பாடினாங்க. மேடையில இருக்கிறது மொத்தம் ஏழு பேர். ஏழு பேர் மனசும் அவங்களுக்குத் தெரியும். இருந்தாலும் பை கையோட! (சிரிப்பு, கைதட்டல்) அம்மா, உங்க பேச்சு உங்க அணிக்கு, உங்க கைப்பை எங்க அணிக்கு.

நடுவர் அவர்களே, மனசுன்னு ஒண்ணு கிடையாதுன்னு நாங்க சொல்லலை. ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆசைப்படுற எல்லாரும் எடுக்கிறதில்லை. எடுக்கிறவனும் எல்லா நேரமும் எடுக்கிறதில்லை. என்ன கிடைக்கும், எவ்வளவு சுலபம், மாட்டுவோமா, மாட்டினா என்ன ஆகும் - இப்படி ஒரு கணக்கு உள்ளே ஓடுது. சில சமயம் சரியான கணக்கு, பல சமயம் அரைகுறைக் கணக்கு. 1986-இல் டெரெக் கார்னிஷ், ரொனால்ட் கிளார்க் என்ற இரண்டு அறிஞர்கள் ஒரு நூலே தொகுத்தார்கள், குற்றம் செய்பவனும் யோசித்துத்தான் செய்கிறான் என்று. ஆனால் அவனிடம் பேரேடு கிடையாது, அவசரத்தில் போடுகிற மனக்கணக்குதான் என்றும் சொன்னார்கள்.

இது என்ன வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பா? சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் என்ன செய்தான்? அரசியின் சிலம்பை எடுத்தது அவன். எப்போது அகப்படுவோமோ என்று இருந்தவன் முன்னால், அதேபோல ஒரு சிலம்போடு, ஊருக்குப் புதியவனாக, ஆதரவு சொல்ல ஆளில்லாதவனாக, ஒருத்தன் வந்து நிற்கிறான். கோவலன் மேல அவனுக்குப் பகையா? முன்பின் பார்த்ததே கிடையாது. கணக்குப் போட்டான், வாய்ப்பு வந்தது, பழியைத் தூக்கி அங்கே வைத்தான். அப்புறம் காவலர்களுக்கு ஒரு பாடம் வேறு நடத்துகிறான் பாருங்கள், கள்வருக்குத் துணை எட்டு என்று! அந்த எட்டில் மந்திரமும் இருக்கு, மருந்தும் இருக்கு. கூடவே இடம், காலம், கருவி மூணும் இருக்கு. எங்க அணியோட கொள்கையை ஒரு திருடன் வாயாலேயே இளங்கோவடிகள் சொல்ல வச்சிட்டாரு. (கைதட்டல்)

படிக்காதவன்தான் இப்படிக் கணக்குப் போடுவான்னு நினைக்காதீங்க. கேரி பெக்கர்னு அமெரிக்காவில் ஒரு பொருளாதாரப் பேராசிரியர். 1960-களில் ஒருநாள் மாணவர் ஒருவருக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போகிறார். நேரமாகிவிட்டது. காரைக் காசு கொடுத்து நிறுத்துமிடத்தில் விட்டால் தாமதமாகும். தெருவில் சட்டவிரோதமாக விட்டால் அபராதச் சீட்டு விழலாம். எவ்வளவு அபராதம், போலீஸ்காரர் வர எவ்வளவு சாத்தியம் என்று மனசுக்குள்ளேயே பெருக்கிப் பார்த்தார். தெருவில் விட்டுவிட்டுப் போனார். சீட்டு விழவில்லை! போனவர் சும்மா இருந்தாரா? அந்த மாணவரிடம் முதல் கேள்வியே இதைத்தான் கேட்டார். 1968-இல் இதைக் கட்டுரையாக எழுதினார், 1992-இல் நோபல் பரிசு வாங்கினார். பரிசு மேடை உரையிலேயே இந்தக் கதையைச் சொன்னார். நம்ம ஊர்ல 'நோ பார்க்கிங்' பலகைக்குக் கீழேயே வண்டியை விடுறவங்களும் இதே கணக்கைத்தான் போடுறாங்க. அவங்களுக்கு இன்னும் நோபல் வரலை. (சிரிப்பு)

இந்தச் சிந்தனைக்கு மூலவர் இத்தாலி நாட்டு செசாரே பெக்காரியா. 1764-இல் 'குற்றங்களும் தண்டனைகளும்' என்ற சின்ன நூலை எழுதினார். வயது 26. பயந்துபோய்ப் பேர் போடாமலேயே வெளியிட்டார். ஏன் பயம்? சித்திரவதை கூடாது, மரண தண்டனை கூடாது என்று எழுதியிருந்தார். மனிதன் இன்ப துன்பக் கணக்குப் பார்க்கிறவன். அவனைத் தடுப்பது தண்டனையின் கொடுமை அல்ல, தண்டனை தப்பாமல் வரும் என்ற நிச்சயம்தான் என்றார்.

இங்கிலாந்துக்காரர்கள் நேர் எதிராகச் செய்து பார்த்தார்கள். பிக்பாக்கெட் அடித்தது ஒரு ஷில்லிங்குக்கு மேல் இருந்தால் தூக்கு! 1565-இல் வந்த சட்டம், 1808-இல் சாமுவேல் ரோமிலி போராடி நீக்குகிறவரை இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூக்குக்குரிய குற்றங்கள் மட்டும் 200-க்கு மேல். பிக்பாக்கெட் ஒழிந்ததா? தூக்குப் போடுவதை வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே பிக்பாக்கெட் நடந்தது! எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கிட்டு இருக்கிறபோது அவனுக்கு வேறென்ன வேணும்? ஜூரிகளுக்கும் மனசு கேட்கவில்லை. திருடுபோன பொருளின் விலையைக் குறைத்துச் சொல்லிக் கழுத்தைக் காப்பாற்றினார்கள். லண்டனுக்கு முறையான போலீஸ் வந்ததே 1829-இல்தான். தண்டனை மலையளவு, மாட்டுற சாத்தியம் கடுகளவு. கணக்குத் தெரிஞ்சவன் எதைப் பார்ப்பான்?

போலீஸ் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, நல்லவன் நல்லவன்தான்னு எதிரணி ஐயா சொன்னார். டென்மார்க் போய்ப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர். நாடு ஜெர்மன் படைகள் கையில். 1944 செப்டம்பர் 19-ஆம் தேதி, டேனிஷ் போலீஸையே ஜெர்மானியர் கலைத்துவிட்டார்கள். ஏறத்தாழ 2,000 பேரைப் பிடித்து ஜெர்மனியில் உள்ள முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு கோபன்ஹேகனில் வழிப்பறியும் கொள்ளையும் பலமடங்கு ஏறின. ராத்திரியோடு ராத்திரியா டென்மார்க் மக்கள் மனசு கெட்டுப்போச்சா? இன்னொன்றும் கவனிக்கணும். மோசடி, கையாடல் எல்லாம் அந்த அளவுக்கு ஏறவில்லை. ஏன்? அங்கே ஏமாந்தவனுக்கு ஏமாற்றினவன் பேர் தெரியும். முகம் தெரியாத குற்றம்தான் எகிறியது. மனசு காரணம்னா ரெண்டும் ஒண்ணாத்தானே ஏறியிருக்கணும்?

இப்போ லண்டனுக்கே திரும்புவோம். கொஞ்சம் நேரம் எடுத்துக்குவேன், நடுவர் மணியை இப்பவே தொடக்கூடாது.

1790-கள். தேம்ஸ் நதி. உலகத்து வியாபாரமெல்லாம் அங்கே வந்து இறங்குது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சர்க்கரை, ரம், காப்பிக்கொட்டை. ஆனால் சரக்கு இறக்க அனுமதி பெற்ற துறை கொஞ்சம்தான். கப்பல்கள் வாரக்கணக்கில் ஆற்று நடுவே காத்துக் கிடக்கும். சரக்கைத் திறந்த படகுகளில் இறக்கி, அந்தப் படகுகளும் கரையில் காத்துக் கிடக்கும். காவல் கிடையாது, கணக்கும் கிடையாது. சரக்கு இறக்குகிற தொழிலாளிக்குக் கூலி மிகக் குறைவு. சிலருக்குக் கூலியே கிடையாது, எடுத்துக்கொள்வதுதான் கூலி. சிந்தின சர்க்கரை நமக்குன்னு பரம்பரை வழக்கம். தேனெடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானா? இங்கே கைக்குக் கூலியே கொடுக்காம புறங்கையை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

பேட்ரிக் கஹூன் என்ற மாஜிஸ்திரேட் இதையெல்லாம் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். அவர் மதிப்பீட்டின்படி ஆற்றில் வேலை செய்தவர்கள் 33,000 பேர், அதில் 11,000 பேர் திருட்டில் சம்பந்தப்பட்டவர்கள். வருஷ நஷ்டம் ஐந்து லட்சம் பவுன். அதில் எத்தனை வகை! சட்டைக்குள்ளே முன்னும் பின்னும் பை தைத்து அதில் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டு கப்பலை விட்டு இறங்குகிறவர்கள் ஒரு கூட்டம். கப்பலுக்குக் கீழே சேற்றில் நின்றுகொண்டு மேலிருந்து போடுகிற மூட்டையைப் பிடிக்கிறவர்கள் ஒரு கூட்டம். எலி பிடிக்க வருகிறவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். எலி இருந்தால்தானே கப்பலுக்குள் கூப்பிடுவார்கள்? உயிரோட எலியைப் பிடித்துக்கொண்டு போய் அடுத்த கப்பலில் விட்டுவிடுவார்களாம்! (சிரிப்பு) இதுக்கு மனசு கெட்டிருந்தா மட்டும் போதாதுங்க, மூளை வேணும்.

சரி, கஹூன் என்ன செய்தார்? 11,000 பேருக்கும் நீதிபோதனை நடத்தினாரா? ஜான் ஹாரியட் என்ற மாலுமியும் அவரும் சேர்ந்து, வியாபாரிகள் கொடுத்த பணத்தில், 1798 ஜூலையில் வாப்பிங் என்ற இடத்தில் நதிப் போலீஸைத் தொடங்கினார்கள். படகில் ரோந்து. சரக்கு இறக்கும்போது கூடவே ஆள். பை வைத்த தொளதொளச் சட்டைக்குத் தடை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இது: சரக்கு இறக்குகிறவர்களைப் பதிவு செய்து, கூலியை நிர்ணயித்து, கையில் காசாகக் கொடுத்தார்கள். முதல் வருஷச் செலவு 4,200 பவுன். காப்பாற்றிய சரக்கு 1,22,000 பவுன் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். சொந்தக் கணக்கைச் சொந்தக்காரரே சொல்வது, கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் நாடாளுமன்றம் அதைப் பார்த்து 1800-இல் அரசாங்கப் போலீஸாகவே ஏற்றுக்கொண்டது. 1802-இல் மேற்கிந்தியக் கப்பல்களுக்குத் தனித் துறைமுகம் கட்டினார்கள். சுற்றிலும் 20 அடிச் சுவர், சுவருக்கு வெளியே அகழி. நம்ம ராஜா கோட்டை மாதிரி, ஆனா உள்ளே இருக்கிறது சர்க்கரை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கு, அதை மறைச்சுட்டுப் பேசினா நான் நேர்மையான பேச்சாளன் இல்லை. தொழிலாளிக்கு அது திருட்டாகத் தெரியவில்லை. பாட்டன் காலத்திலிருந்து வருகிற பங்கு. நேற்றுவரை வழக்கம், இன்றைக்கு வழக்கு! 1798 அக்டோபர் 16-ஆம் தேதி, நிலக்கரி எடுத்ததற்காக அபராதம் போட்டார்கள் என்று பெரிய கூட்டம் வாப்பிங் அலுவலகத்தைத் தாக்கியது. காவல் பக்கத்தில் கேப்ரியேல் ஃபிராங்க்ஸ் என்பவர் உயிரிழந்தார். தாக்கியவர்கள் பக்கமும் உயிர் போனது. சுவர் எழுப்புகிறவன் கூலியையும் சேர்த்து எழுப்பாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

"ஒரு வாசலை அடைச்சா திருடன் அடுத்த வாசலுக்குப் போவான், அவன் மனசு அதே மனசுதானே?" - எதிரணித் தலைவர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் மேற்கு ஜெர்மனியில் இருக்கு. மோட்டார் சைக்கிளில் போகிறவர் ஹெல்மெட் போடாவிட்டால் உடனடி அபராதம் என்று 1980-இல் கொண்டுவந்தார்கள். தலையைக் காப்பாற்றக் கொண்டுவந்த சட்டம். யாரும் திருட்டைப் பற்றி நினைக்கவே இல்லை. ஆனால் 1980-இல் சுமார் 1,53,000 ஆக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு, 1986-இல் சுமார் 54,000. மூணில் ஒரு பங்கு! ஏன்னு பாருங்க. வண்டியைப் பார்த்ததும் ஆசைப்பட்டு ஏறிப் போகிறவன் கையில ஹெல்மெட் இருக்காது. ஹெல்மெட் இல்லாமல் போனால் முதல் தெருமுனையிலேயே மாட்டுவான். ஹெல்மெட்டோட வீட்டைவிட்டுக் கிளம்பணும்னா முன்கூட்டியே யோசிக்கணும். அந்த ஒரு தடங்கல் போதுமாயிருந்தது.

அவங்கள்லாம் கார் திருடப் போனாங்களா? அதே ஆறு வருஷத்தில் கார் திருட்டு சுமார் 64,000-லிருந்து 70,000. சைக்கிள் திருட்டு குறைந்தே இருக்கிறது. அப்போ கிட்டத்தட்ட ஒரு லட்சம் திருட்டு எங்கேயும் போகலை. நடக்கவே இல்லை, அவ்வளவுதான். ஒரு லட்சம் மனசை ஹெல்மெட் திருத்திச்சுன்னு சொல்றீங்களா? (கைதட்டல்)

அமெரிக்காவில் 1979-இல் கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு பேர் இன்னொரு வேடிக்கையைச் சொன்னார்கள். 1960-க்குப் பிறகு அங்கே வருமானம் ஏறுது, படிப்பு ஏறுது, கூடவே குற்றமும் ஏறுது. ஏன்? பெண்கள் வேலைக்குப் போனார்கள், பகலில் வீடு பூட்டிக் கிடந்தது. 1960-இல் ஒரு கம்பெனிக் கேட்டலாக்கில் இருந்த மிக லேசான டி.வி. 38 பவுண்டு எடை. 1970-இல் 15 பவுண்டு. முன்னே தூக்கினா இடுப்புப் பிடிக்கும், இப்போ இடுப்பிலேயே வச்சுக்கிட்டுப் போயிடலாம்! (சிரிப்பு) எடுக்க ஒரு ஆள், எடுக்கத் தகுந்த பொருள், தடுக்க ஆளில்லாத நேரம் - மூணும் ஒரு இடத்துல கூடினாத்தான் திருட்டு.

கோபத்திலே வெட்டுறவன், பழிக்குப் பழின்னு அலையுறவன், இவனெல்லாம் கணக்கா போடுறான்னு கேட்கலாம். அங்கே எங்க வாதம் பலவீனம்தான். கைக்கு எட்டின தூரத்துல அரிவாள் இருந்ததா இல்லையாங்கிற அளவுக்குத்தான் வாய்ப்பு அங்கே வரும். அந்த இடத்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். மகிழ்ச்சியா வச்சுக்கோங்க.

ஆனால் நடுவர் அவர்களே, குற்றத்தை மனுஷனுக்குள்ளேயே தேடிப் போனால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு வரலாறு இருக்கு. பெக்காரியா பிறந்த அதே இத்தாலியில், அதே செசாரே என்ற பேரோடு இன்னொருவர் வந்தார். செசாரே லொம்ப்ரோசோ, மருத்துவர். 1876-இல் புத்தகம் எழுதினார். குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி, தாடையைப் பார்த்தால் தெரியும், காதைப் பார்த்தால் தெரியும், மண்டை ஓட்டை அளந்தால் தெரியும் என்றார். 1913-இல் சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலேயச் சிறை மருத்துவர் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து பார்த்துவிட்டு, அப்படி ஒரு தனிப் பிறவி இல்லை என்று எழுதினார்.

லொம்ப்ரோசோ புத்தகம் வருவதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே, நம்ம நாட்டில் அதைச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். 1871, குற்றப் பரம்பரைச் சட்டம். தச்சன் மகன் தச்சன் ஆகிற நாட்டில், திருடன் மகனும் திருடன்தானே என்பது அவர்கள் வாதம். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையும் பரம்பரைக் குற்றவாளி. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம்ம பக்கத்தில் கைரேகைச் சட்டம் என்றே பேர். வயதுவந்த ஆண்கள் ரேகை வைக்கணும், இரவில் ஆஜர் கொடுக்கணும், சீட்டு இல்லாமல் அடுத்த ஊருக்குப் போகக் கூடாது. கல்யாணமாகிப் புதுசா வந்த மாப்பிள்ளையும் ராத்திரி ஆஜர் கொடுக்கப் போகணும்.

யார் மேல போட்டாங்க? மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்கள் மேல. ஊர்க்காவல் ஒரு காலத்தில் அவர்கள் உரிமை. காவலுக்கு ஊரார் நெல்லும் பணமும் கொடுப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனி அரசு அந்த உரிமை செல்லாது என்றது. காப்பானாக இருந்தவன் பிழைப்பைப் பிடுங்கினார்கள், அப்புறம் கள்ளன் என்று எழுதிக்கொண்டார்கள். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறந்தார்கள். மேலூர்ப் பக்கம் தண்ணீர் போனது, அங்கே இருக்கிற கள்ளர்கள் நஞ்சை விவசாயிகள் ஆனார்கள். உசிலம்பட்டிப் பக்கம் தண்ணீர் போகவில்லை, வானம் பார்த்த பூமி. சட்டத்தின் முழு அடியும் விழுந்தது உசிலம்பட்டிப் பக்கம்தான். பரம்பரை ரத்தம்தான் காரணம்னா மேலூர்ல ஓடினது என்ன, வேற ரத்தமா? வாய்க்கால்ல ஓடின தண்ணிதாங்க வித்தியாசம். (கைதட்டல்)

குறவர், எருகுலர் கதையும் இதேதான். பொதிமாட்டிலும் கழுதையிலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகப் போய் விற்றவர்கள். ரயில் வந்தது, உப்பு அரசாங்கத்தின் பிடிக்குள் போனது, வியாபாரம் போனது. ஊர் ஊராகப் போகிற பழக்கம் மட்டும் மிஞ்சியது. அந்தப் பழக்கத்தையே குற்ற அடையாளம் என்று எழுதிவிட்டார்கள்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். ரேகை வைக்க மாட்டோம் என்று ஊரே மறுத்தது. போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அவர்கள் அன்றைக்கு என்ன திருடினார்கள்? கைவிரலை நீட்ட மாட்டேன் என்றார்கள்.

அந்த வழக்குகளில் அவர்களுக்காக வாதாட மதுரையில் ஒரு பாரிஸ்டர் வந்தார். ஜார்ஜ் ஜோசப், கேரளத்துச் செங்கன்னூர்க்காரர். கோட்டில் ரோஜாப்பூ குத்திக்கொண்டு வருவார். அந்த மக்கள் அவருக்கு வைத்த பேர் ரோசாப்பூ துரை. 1920 முதல் அரசாங்கமே அந்தப் பகுதியில் பள்ளிக்கூடம் திறந்தது, கூட்டுறவுச் சங்கம் வைத்தது, கிணறு வெட்டக் கடன் கொடுத்தது. பிறவியிலேயே குற்றவாளின்னு சட்டத்துல எழுதிட்டு, எதுக்குங்க கிணறு வெட்டக் கடன்? ஒரு கை ரேகையை உருட்டியது, இன்னொரு கை எங்க அணிக்கு ஓட்டுப் போட்டது.

முத்துராமலிங்கத் தேவர், ஜீவா என்று பலரும் போராடினார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது. 1952 ஆகஸ்ட் 31-இல் நாடு முழுவதும் நீங்கியது. பரம்பரைக் குற்றவாளி என்று எழுதியிருந்த இடத்தில் சீர்மரபினர் என்று எழுதினார்கள். பெருங்காமநல்லூரில் செத்தவர்களுக்கு அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

மணி அடிச்சிட்டாங்க. (நீண்ட கைதட்டல்)